விருத்தாசலத்துப் பீங்கானும் துபாய்க் கோபுரமும்

பழைய வீட்டில் குடியிருப்பவரா நீங்கள்? வாசலோரம் மீட்டர் பெட்டிக்குக் கீழே இருக்கும் ஃப்யூஸ் கேரியரை ஒரு முறை பாருங்கள். கையை வைக்க வேண்டாம், பார்த்தால் போதும். வெள்ளையாக, வழுவழுப்பாக, விரலளவு நீளத்தில் ஒரு பீங்கான் துண்டு. முப்பது, நாற்பது வருடங்களாக வீட்டுக்கு வரும் கரன்ட் முழுவதும் அதைக் கடந்துதான் வந்திருக்கும். கொலுப் படியில் நிற்கும் பளபளப்பான பிள்ளையார், கார்த்திகைக்கு வாங்கிய எண்ணெய் கசியாத அகல், பாட்டி பரண் மேல் வைத்திருக்கும் ஊறுகாய் ஜாடி என்று இந்தக் குடும்பத்துக்கு இன்னும் பல உறுப்பினர்கள் உண்டு. இவற்றில் ஏதாவது ஒன்று விருத்தாசலத்துச் சூளையில் வெந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆனால் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் ஊர் பெயர் இருக்காது. செய்தவர் பெயர் நிச்சயமாக இருக்காது.

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் இருக்கும் விருத்தாசலத்தைப் பெரும்பாலானோர் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். சென்னை - திருச்சி கார்டு லைனும் கடலூர் - சேலம் பாதையும் சந்திக்கிற ஜங்ஷன். கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள், மற்றவர்கள் டீ வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டேஷனைப் பார்ப்பார்கள். இறங்கி ஒரு நாள் சுற்றினால், மண் வேலைக்கும் கட்டட வேலைக்கும் கூலிக்கும் இந்த ஊரோடு எவ்வளவு பழைய உறவு இருக்கிறது என்று தெரியும். அந்த உறவின் ஒரு நுனி துபாய் வரை நீள்வதுதான் ஆச்சரியம்.

சூளைக்குள் என்ன நடக்கிறது?

ஊரில் அரசு செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசு கல்வி நிலையமும் இருக்கிறது. பீங்கானுக்கென்றே இப்படி ஒரு படிப்பும் பேட்டையும் ஒரே ஊரில் அமைவது அபூர்வம். பக்கத்தில் நெய்வேலி இருப்பது ஒரு காரணம். அங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்க மேலே கிடக்கும் மண்ணை முதலில் அகற்ற வேண்டும். அந்த மண் அடுக்குகளில் பீங்கானுக்கு ஏற்ற களிமண்ணும் உண்டு. ஓர் ஊருக்கு வேண்டாத மண் அடுத்த ஊருக்கு மூலப்பொருள்.

பொம்மை செய்வதைப் பார்ப்பவர்கள், கையால் பிசைந்து உருவம் செய்வார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவார்கள். களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் கல்தூளைச் சேர்த்துத் தண்ணீர் விட்டு அரைத்துக் கூழ் போன்ற கரைசலாக்குகிறார்கள். அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்சுவர் முழுக்க மண் ஒரு தோல் போலப் படிகிறது. தோல் தேவையான தடிமனுக்கு வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். எப்போது கவிழ்ப்பது என்பதுதான் தொழில். சீக்கிரம் கவிழ்த்தால் பொம்மை நொறுங்கும், தாமதித்தால் கனத்துப் போகும். கடிகாரம் பார்த்தும் செய்யலாம். ஆனால் மழைக்காலத்தில் அச்சு ஈரமாக இருக்கும், கடிகாரம் பொய் சொல்லும். அனுபவப்பட்ட கை விளிம்பைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடும்.

பிறகு காய வைத்து, பிசிறு நீக்கி, ஈரத் துணியால் துடைத்து, சுட்டு, கிளேஸ் பூசி, மறுபடி சூளையில் ஏற்ற வேண்டும். பீங்கான் வேக ஆயிரத்து இருநூறு டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு தேவை. வெந்ததும் சுருங்கும். பத்து அங்குலத்துக்கு அச்சு செய்தால் ஒன்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ பொம்மை வரும். கொலு சீசனிலும் கார்த்திகை சீசனிலும் ஆர்டர் குவியும். மற்ற மாதங்களில் என்ன செய்வது என்பது இந்தப் பேட்டையின் நிரந்தரக் கேள்வி.

முன்பு அந்தக் கேள்விக்கு மின்சாரச் சாமான்கள் பதிலாக இருந்தன. ஃப்யூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் வருடம் முழுவதும் போகிற சரக்கு. இன்று புது வீட்டில் ஃப்யூஸ் கேரியர் எங்கே இருக்கிறது? எம்.சி.பி. சுவிட்ச் வந்துவிட்டது. டீக்கடை பீங்கான் கப்பின் இடத்தில் பேப்பர் கப். சாப்பாட்டுத் தட்டு என்றால் உத்தரப்பிரதேசத்தின் குர்ஜா, டைல்ஸ் என்றால் குஜராத்தின் மோர்பி. அங்கிருந்து லாரி லாரியாக வரும் சரக்கோடு சிறு சூளைகள் விலையில் மோத முடிவதில்லை.

அதனால்தான் சுற்று வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் சென்னையிலோ, திருப்பூரிலோ, கடல் தாண்டியோ இருக்கிறார். பக்கத்து மங்கலம்பேட்டை, கொஞ்சம் தள்ளி லால்பேட்டை, கடற்கரையில் பரங்கிப்பேட்டை என்று இந்த மாவட்டத்தில் வளைகுடாப் பணத்தை அறிந்த ஊர்கள் பல. வெள்ளைப் பெயின்ட் அடித்த மாடி வீடும், வாசலில் பளபளக்கும் டைல்ஸும், உள்ளே பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளும் தெருவுக்குத் தெரு உண்டு.

இலை கொடுத்துக் கூலி தந்த முனிவர்

ஊர் நடுவே விருத்தகிரீஸ்வரர் கோயில். பழமலை, திருமுதுகுன்றம் என்பவை ஊரின் பழைய பெயர்கள். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து தீர்த்தம் என்று எதை எண்ணினாலும் ஐந்தில் நிற்கும் கோயில். நுழைந்ததும் படியிறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையாரைக் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். காசியை விட இங்கே புண்ணியம் ஒரு வீசம் அதிகம் என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள்.

தல மரம் வன்னி. அதைச் சுற்றி வருகிறவர்களிடம் ஒரு கதை சொல்வார்கள். விபசித்து முனிவர் இந்தக் கோயிலைக் கட்டினார். முனிவரிடம் ஏது காசு? மாலையில் வேலை முடிந்து கை கால் கழுவி வரும் ஆட்களுக்கு வன்னி இலைகளைக் கொடுப்பார். வாங்கிய இலைகள் பொற்காசுகளாக மாறும். எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல, அவரவர் உழைப்புக்கு ஏற்றபடி.

கோயில் கட்டிய கதைகள் தமிழ்நாட்டில் ஏராளம். பெரும்பாலானவை கட்டிய அரசனின் கனவைப் பற்றியோ, சுவாமியின் அற்புதத்தைப் பற்றியோ பேசும். வேலை செய்தவனுக்குச் சாயங்காலம் கூலி எப்படி வந்தது என்பதையே அற்புதமாகச் சொல்லும் கதை அதிகமில்லை. கல் சுமந்தவர்களும் கேட்டு, ஆமோதித்து, பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த கதை என்பது அதன் கணக்கிலேயே தெரிகிறது.

வரலாறு வேறு பெயரைச் சொல்கிறது. 10-ஆம் நூற்றாண்டில், கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவி இதைக் கற்றளியாக எடுப்பித்தார். கணவர் மறைந்த பின் சோழ நாடெங்கும் பழைய செங்கல் கோயில்களைக் கல்லால் மாற்றிக் கட்டிய பெண்மணி. அவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. உளி பிடித்தவர்களுக்கு மிச்சம் இருப்பது வன்னி மரத்துக் கதைதான்.

கீழக்கரையிலிருந்து ஒரு கட்டடக்காரர்

விருத்தாசலம் ஜங்ஷன் வழியாக ராமேஸ்வரம் போகும் ரயில்களும் உண்டு. அதில் ஏறி ராமநாதபுரத்தில் இறங்கி, பஸ் பிடித்தால் கீழக்கரை. மன்னார் வளைகுடாவின் கரையில், முத்தும் சங்கும் விற்றுக் கடல் தாண்டிப் பழகிய ஊர். ‘செத்தும் கொடை கொடுத்தான்’ என்று பெயரெடுத்த வள்ளல் சீதக்காதியின் ஊரும் அதுவே. இந்த வட்டாரத்துப் பையன்கள் வளைகுடாவுக்கு விமானம் ஏறிய காலத்தில், அங்கே போய்ச் சேரும் கம்பெனி என்று வீடு வீடாகப் பேசப்பட்ட பெயர் ‘ஈடிஏ’. அதன் வேர் கீழக்கரையில் இருக்கிறது.

பி.எஸ்.அப்துர் ரஹ்மான் 1927-ல் கீழக்கரையில் பிறந்தார். இளம் வயதிலேயே கொழும்புக்குப் போய் ரத்தினக்கல், முத்து வணிகம் பழகினார். கல் வியாபாரத்தில் சம்பாதித்தவர் கட்டட வேலைக்கு வந்தார். ஈஸ்ட் கோஸ்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரீஸ் அவருடைய நிறுவனம். அந்தப் பெயரைச் சென்னைவாசிகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் அது கட்டியதன் மீதும், அடியிலும், பக்கத்திலும் தினமும் போய் வருகிறார்கள்.

1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சிக்காக எழுந்த அண்ணா நகர் டவர் அவர் கட்டியது. 1970-களில் மெரினாவில் வந்த கலங்கரை விளக்கம் அந்த நிறுவனம் கட்டியது. லிஃப்டில் ஏறிப் போகக்கூடிய கலங்கரை விளக்கம் என்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். எல்லாவற்றுக்கும் மேலாக ஜெமினி மேம்பாலம். 66 லட்சம் ரூபாய்ச் செலவில், 21 மாதங்களில் முடிந்து, 1973 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. அண்ணா மேம்பாலம் என்பது அதிகாரப்பூர்வப் பெயர். ஜெமினி என்பது, இன்று இல்லாத ஒரு சினிமா ஸ்டூடியோவின் பெயர். கட்டியவர் பெயர் இரண்டிலும் இல்லை. பஸ் கண்டக்டர்கள் இன்னும் ஸ்டூடியோவின் பெயரைத்தான் கூவுகிறார்கள்.

அந்த 1973 கவனிக்க வேண்டிய வருடம். ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாடு பிறந்து அப்போது இரண்டு வருடம்கூட முடியவில்லை (1971 டிசம்பர் 2). அதன் சொந்தப் பணமான திர்ஹம் அந்த வருடம்தான் வந்தது. அதற்குச் சில வருடங்கள் முன்பு வரை, 1966 வரை, அந்தக் கரையில் புழங்கியது ரூபாய். 1959-க்குப் பிறகு நம்முடைய ரிசர்வ் வங்கியே வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் நோட்டு அச்சடித்து அனுப்பியது! இன்று ஒரு திர்ஹத்துக்கு எத்தனை ரூபாய் என்று தினமும் போனில் பார்க்கும் குடும்பங்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். 1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர் மூண்டது. எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கு ஏறியது. கட்ட வேண்டும் என்ற ஆசையும், கட்டுவதற்குப் பணமும் ஒரே நேரத்தில் அந்த மணலில் வந்து இறங்கின. கட்டுவதற்கு ஆள் மட்டும் இல்லை.

அதே 1973-ல் அப்துர் ரஹ்மான் துபாயின் அல் குரைர் குடும்பத்தோடு கைகோத்துத் தொடங்கியதுதான் ஈடிஏ, எமிரேட்ஸ் டிரேடிங் ஏஜென்சி. அல் குரைர்களும் முத்து வியாபாரத்திலிருந்தும் பாய்மரக் கப்பல் வணிகத்திலிருந்தும் வந்தவர்கள். ஜப்பான்காரர்கள் பண்ணையில் முத்து வளர்க்கத் தொடங்கியதும் 1930-களில் வளைகுடாவின் முத்துத் தொழில் படுத்துவிட்டது. அதிலிருந்து மீண்ட அந்தக் குடும்பம் வங்கி, சிமென்ட், கட்டடம் என்று விரிந்தது. துபாய் தேய்ராவில் 1981-ல் அவர்கள் திறந்த அல் குரைர் சென்டர்தான் அந்த நகரின் முதல் நவீன மால் என்று சொல்வார்கள். முத்துக்கரையைச் சேர்ந்த இரு குடும்பங்கள், முத்து போன பிறகு கட்டடத்தில் கூட்டுச் சேர்ந்த கதை இது.

ஈடிஏ கட்டடம் கட்டியது, ஏசி பொருத்தியது, லிஃப்ட் மாட்டியது, வயர் இழுத்தது. பின்னாளில் ஈடிஏ ஸ்டார் என்ற பெயரில் சொந்தமாக அடுக்குமாடிகளைக் கட்டி விற்கவும் செய்தது. பல்லாயிரம் பேர் வேலை பார்த்தார்கள், அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். ஊரில் ஒரு பையனுக்கு அங்கே விசா கிடைத்தால் அடுத்த வருடம் அவன் தம்பிக்கு, அதற்கடுத்த வருடம் மச்சானுக்கு என்று தெருவே கிளம்பிப் போன காலம் அது.

சம்பாதித்ததில் ஒரு பகுதி பள்ளி, கல்லூரிகளாகத் திரும்பியது. வண்டலூரில் 1968-ல் கிரசென்ட் பள்ளி, 1984-ல் கிரசென்ட் பொறியியல் கல்லூரி. அந்தக் கல்லூரிதான் இன்று அவர் பெயரில் இயங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கீழக்கரையில் பெண்களுக்கென்று தாசிம் பீவி அப்துல் காதர் கல்லூரி. சீதக்காதியின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை. 2015 ஜனவரி 7 அன்று, 87-ஆவது வயதில் அவர் மறைந்தார். பாலத்தில் இல்லாத பெயர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

828 மீட்டர், 12,000 பேர்

அப்துர் ரஹ்மானின் தலைமுறை ஒப்பந்ததாரர்களாகத் தொடங்கியது. அடுத்து வந்த எமிராத்திகள் நகரத்தையே விற்பனைப் பொருளாக்கினார்கள். அவர்களில் உலகம் அறிந்தவர் முகமது அலப்பார். 1956-ல் பிறந்தவர். அப்பா பாய்மரக் கப்பல் மாலுமி. அரசு உதவித்தொகையில் அமெரிக்காவின் சியாட்டில் பல்கலைக்கழகத்தில் நிதியும் நிர்வாகமும் படித்து 1981-ல் முடித்தார். ஊர் திரும்பி மத்திய வங்கியில் வேலை, பிறகு துபாய் அரசின் பொருளாதாரத் துறைக்குத் தலைமை, 1997-ல் எமார் நிறுவனம்.

2002-ல் வெளிநாட்டவரும் துபாயில் சொந்தமாக வீடு வாங்கலாம் என்று கதவு திறந்தது. வரைபடத்தைக் காட்டியே வீடுகள் விற்றுத் தீர்ந்தன. எமார் உலகின் உயரமான கட்டடத்துக்கு அடிக்கல் போட்டது. ‘புர்ஜ் துபாய்’ என்று ஊர் உலகத்துக்கெல்லாம் விளம்பரம் ஆனது. நடுவில் 2008-ன் பொருளாதாரச் சரிவு வந்தது. வீட்டு விலை விழுந்தது, கிரேன்கள் நின்றன, தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். 2009 முடிவில் துபாய்க்கு அபுதாபி கை கொடுத்தது. 2010 ஜனவரி 4 அன்று கோபுரம் திறக்கப்பட்ட மேடையில், அபுதாபி ஆட்சியாளரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அன்று காலை வரை ‘புர்ஜ் துபாய்’, ராத்திரி ‘புர்ஜ் கலீஃபா’. கடன் கொடுத்தவருக்கும் கோபுரத்தில் பெயர் உண்டு என்று விருத்தாசலத்து டீக்கடையில் யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

828 மீட்டர் உயரமுள்ள அந்தக் கட்டடத்தில், வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 12,000 பேர் வேலை செய்தார்கள் என்று கட்டியவர்களே சொல்கிறார்கள். நூறு நாட்டுக்காரர்கள் என்கிறார்கள். பெரும்பகுதி நம் பக்கத்து ஆட்கள்: இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், நேபாளிகள். கண்ணாடிச் சுவரின் மினுமினுப்பை உலகமே செல்ஃபி எடுக்கிறது. அந்தப் பன்னிரண்டாயிரம் பேருக்குக் கூலி வன்னி இலையாகவா வந்தது?

எல்லோருக்கும் ஒழுங்காக வரவில்லை என்பது வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எந்தத் தெருவிலும் தெரிந்த விஷயம்தான். சம்பளம் மாதக்கணக்கில் நிற்பது, பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது, ஏஜென்ட் சொன்ன வேலை ஒன்று, போய் இறங்கினால் கிடைக்கும் வேலை வேறொன்று. அமீரக அரசும் இதை உணர்ந்தது. சம்பளம் கையில் அல்ல, வங்கி வழியாகத்தான் போக வேண்டும், போனதா இல்லையா என்று அரசுக்குத் தெரிய வேண்டும் என்ற ஊதியப் பாதுகாப்பு முறை 2009-ல் வந்தது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. இவை இரண்டும் பெரிய மாற்றங்கள். சட்டம் வந்த பிறகும் கம்பெனி நொடித்தால் தொழிலாளியின் கதி என்ன என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

ஈடிஏ-வையும் அது விடவில்லை. நிறுவனர் மறைந்த சில ஆண்டுகளில் குழுமம் கடனில் சிக்கியது. அதன் கட்டுமானப் பிரிவின் தொழிலாளர்கள் சம்பளப் பாக்கிக்காகக் காத்திருந்த செய்திகள் 2018 வாக்கில் வெளிவந்தன. ஒரு காலத்தில் தெருவையே கூட்டிப்போன பெயர் அது. கல்லூரிகள் நிற்கின்றன, பாலம் நிற்கிறது, அந்தப் பாக்கிக் கதையும் கூடவே நிற்கிறது. ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விடுவது அந்த மனிதர்களுக்கு நியாயம் ஆகாது.

இன்னொரு பீங்கான் ஊர்

அமீரகத்திலும் ஒரு விருத்தாசலம் இருக்கிறது! வடக்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் ராஸ் அல் கைமா. துபாய், அபுதாபி போல எண்ணெய் வளம் வாய்க்காத எமிரேட். இன்றைய ஆட்சியாளரான ஷேக் சவூத் பின் சக்ர் அல் காசிமி, ஆட்சிக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பு, 1989-ல் அங்கே ஒரு பீங்கான் ஆலையைத் தொடங்கினார். ‘ராக் செராமிக்ஸ்’ என்று நம்மூர் டைல்ஸ் கடை போர்டிலும் பார்க்கலாம். இன்று உலகின் மிகப் பெரிய செராமிக் நிறுவனங்களில் ஒன்று. வருடத்துக்குப் பத்துக் கோடி சதுர மீட்டருக்கும் மேல் டைல்ஸ் செய்யும் திறன், சுமார் 150 நாடுகளில் விற்பனை. ஆந்திராவின் சாமல்கோட்டில் அதற்கு ஓர் ஆலையும் உண்டு. சுற்றிலும் வானுயரக் கட்டடம் எழும் நேரத்தில் தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் விற்றவர் எப்படித் தோற்பார்?

விருத்தாசலத்திடம் மண் இருந்தது, படிப்பு இருந்தது, கை இருந்தது. சிறு சூளைக்காரரிடம் இல்லாதது பெரிய கட்டடக்காரரின் ஆர்டரும், அதுவரை தாக்குப்பிடிக்கிற முதலும். இங்கே டிப்ளமோ முடித்தவர்களில் பலருக்கு வேலை வெளிமாநிலத்து டைல்ஸ், சானிட்டரி ஆலைகளில்தான். அங்கிருந்து வளைகுடா ஒரு எட்டுதான். ஊர் மண்ணைச் சுட்டுப் பழகிய கை வேறு யாருடைய மண்ணையோ சுடப் போகிறது.

ஆற்றில் போட்டது குளத்தில்

கோயிலுக்குப் பின்னால் ஓடும் மணிமுத்தாற்றில் பெரும்பாலும் மணல்தான். மாசி மகத்தன்று மட்டும் கரை நிரம்ப ஜனம். இந்த ஆற்றுக்கு ஒரு பழைய வங்கிக் கணக்கு உண்டு. சுந்தரர் இங்கே சிவனைப் பாடி 12,000 பொற்காசுகள் பெற்றார். அவ்வளவு பொன்னை வழியில் கொள்ளையர் பயத்தோடு திருவாரூர் வரை எப்படிச் சுமப்பது? மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவாயிற்று. அடையாளத்துக்குப் பொன்னில் ஒரு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டு ஆற்றில் போட்டார் சுந்தரர். நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்து, மாற்றுக் குறையாமல் வந்திருக்கிறதா என்று உரசியும் பார்த்தார்.

பன்னிரண்டாயிரம் என்ற எண் அங்கும் இங்கும் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் ஓரிடத்தில் போட்ட காசை வேறோர் இடத்தில் எடுப்பது என்றால் என்னவென்று இந்த மாவட்டத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துபாயில் மணி எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் கட்டியது, விருத்தாசலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஏடிஎம்மில் வருகிறது. வந்ததும் ரேட் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு பிடித்தார்கள் என்று கணக்குப் பார்ப்பதும் உரசிப் பார்ப்பதுதான்.

கிளம்ப நினைப்பவர்களும் ஒரு முறை உரசிப் பார்க்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுக்கு மத்திய அரசின் உரிமம் கட்டாயம். ‘இமைக்ரேட்’ இணையதளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் இருக்கிறதா என்று போனிலேயே தெரிந்துவிடும். விதிப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். இங்கே முருகன் சிலை உருவில் இல்லை, பலிபீட வடிவில் இருக்கிறார். இந்தக் கோயிலின் விசேஷம் பிராது. கொடுத்த கடன் வரவில்லை, நகை காணாமல் போனது, ஏமாற்றிவிட்டார்கள், போனவர் திரும்பவில்லை என்று என்ன குறையாக இருந்தாலும் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுவது போலவே, பெயர், ஊர், விவரம் எல்லாம் காகிதத்தில் எழுதி, சன்னிதியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னிதியில் கட்டுகிறார்கள். குறை தீர்ந்ததும் திரும்பி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்குப் பெயர் ‘ராஜினாமா’. கட்டித் தொங்கும் காகிதங்களைப் பார்த்தால், இந்த வட்டாரத்தில் எத்தனை பாக்கி இன்னும் தீரவில்லை என்று தெரியும்.

பிராதுக்குக் கட்டணமும் உண்டு. அது எல்லோருக்கும் ஒன்றல்ல. பிராது கொடுப்பவரின் ஊருக்கும் கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு, தூரத்தைக் கணக்கிட்டுத்தான் வாங்குகிறார்கள். துபாயில் சம்பளம் நின்றுபோன பிள்ளைக்காக ஒரு தாய் வந்து நின்றால், எந்த ஊரிலிருந்து கணக்கு எடுப்பார்களோ!